அண்ணியின் தொண்டுப் படை

சேவை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய தியாகி என்று நினைத்துவிடுவீர்கள். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கிறவன் நான். எந்த வீடு, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, பீரோ கதவு வழியாக வருமா என்றெல்லாம் கேட்டு, லாரியையும் ஆட்களையும் அனுப்புவது என் வேலை. வாரம் முழுக்க இப்படித் தொண்டை வறளக் கத்துகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது போர்வைக்குள் கிடக்க வேண்டிய நாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வேட்டு வைத்தவர் அண்ணி.

அவர் எனக்கு அண்ணி இல்லை. சாமான் ஏற்றும் கோஷ்டிக்குத் தலைவனாக இருப்பவன் அவருடைய கொழுந்தன். அவன்தான் அவரை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் அண்ணி என்று கூப்பிட, பக்கத்தில் நின்றவர்களும் அண்ணி என்றார்கள். இப்போது அவரைவிட மூத்தவரான முதலாளிக்கும் அவர் அண்ணிதான். கொழுந்தனோ எங்கள் எல்லோருக்கும் கொழுந்தன் ஆகிவிட்டான். லாரி ஓட்டுகிற ஹாரன்கூட அவனைக் கொழுந்தன் என்றுதான் கூப்பிடுவார். காலி ரோட்டிலும் ஹாரன் அடிப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

சமையலறை சாமான்களைக் கட்டுவதில் அண்ணியை மிஞ்ச ஆளில்லை. கண்ணாடி டம்ளர் அவர் கைக்குள் போனால் காகிதச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். இடுப்பில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் தொங்கும். அதை யாரும் தொடக்கூடாது. ஒரு தடவை முதலாளி ஏதோ கவரைப் பிரிக்கக் கேட்டபோது, "கவரக் குடுங்க சார், நான் வெட்டித் தரேன்" என்றாரே தவிர, கத்தரிக்கோலைக் கழற்றவில்லை. வீட்டிலும் இதே கதைதான். அவருடைய கணவர் என்னிடம் ஒருநாள் புலம்பினார். "கண்ணாடியக் கழட்டி மேசைல வச்சேன் தம்பி. திரும்பிப் பாத்தா சுத்தி ஒட்டி வச்சிருக்கா. கொஞ்ச நேரம் அசையாம இருந்தா என்னையும் ஒட்டிருவா."

எங்கள் கம்பெனிக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டுவோம், ஏற்றுவோம், இறக்குவோம், பிரிக்க மாட்டோம். பிரிக்கும்போது எதுவாவது உடைந்திருந்தால் வாய்ச்சண்டை வரும், அது வீட்டுக்காரர் தலைவலி என்பது முதலாளியின் கொள்கை. ஆகவே எங்கள் ஆட்களில் ஒருவர்கூடத் தாம் கட்டிய பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது, முதலாளி ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த முதலாளிகள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். மனிதர் அங்கே வெறும் சாப்பாட்டோடு திரும்பியிருக்கலாம். ஒரு யோசனையோடு வந்து சேர்ந்தார். கிடங்கில் எங்களை எல்லாம் உட்கார வைத்தார்.

"நம்ம கம்பெனில தொண்டு செய்யற கலாச்சாரம் வளரணும். மாசம் ஒரு சனிக்கிழமை. எல்லாரும் மனசார, தானா முன்வரணும். வராதவங்களுக்கு அரை நாள் சம்பளம் கட்."

அந்த நேரம் பார்த்து அண்ணி கையைத் தூக்கினார். ஃபேன் காற்றில், டம்ளர் சுற்றுகிற காகிதம் எல்லாம் பறக்கிறது, கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம் என்று தூக்கிய கை அது. முதலாளி முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, அண்ணி கை தூக்கிட்டாங்க! இனிமே இதுக்கு அவங்கதான் பொறுப்பு. மூணு மாசம் பாப்பேன். அதுக்குள்ள ஆளுங்க தானா வந்தா நடத்துவோம். இல்லேன்னா விட்டுடுவோம்."

எல்லோரும் கை தட்டினோம். தன் தலையில் விழாத கல்லுக்கு யார்தான் கை தட்டமாட்டார்கள்? கூட்டம் கலைந்ததும் அண்ணி என் மேசைக்கு வந்தார்.

"சிரிக்காதீங்க தம்பி. இத்தன வருஷத்துல 'அண்ணி, டம்ளர் பத்திரம்'னுதான் எல்லாரும் சொல்லியிருக்காங்க. 'இது உங்க பொறுப்பு'ன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. வீட்லயும் சொன்னதில்ல. இத நான் நல்லா நடத்திக் காட்டணும்."

கண் வேறு பளபளத்தது. எனக்கு ஏதோ மாதிரி ஆகிவிட்டது. சரி, வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

முதல் சனிக்கிழமை மரம் நட்டோம். மஞ்சள் பனியன், பேனர், போட்டோ எல்லாம் உண்டு. அரை நாள் சம்பளத்துக்குப் பயந்து ஒரு ஆள் விடாமல் வந்திருந்தார்கள். கன்றுகள்தான் போதவில்லை, ஒரே கன்றை முதலாளி நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி நட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால், வழியில் இலை நசுங்கக் கூடாதென்று எங்கள் ஆட்கள் கண்ணாடிச் சாமானுக்குச் சுற்றுகிற குமிழித் தாளைச் சுற்றியிருந்தார்கள். அந்தத் தாளோடேயே நட்டும் விட்டார்கள். அண்ணி ஒவ்வொன்றாக வெட்டி விடுதலை செய்தார்.

அடுத்த மாதம் ஒரு முதியோர் இல்லம். அறைகளுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அண்ணி ஆட்களிடம், "சாமானெல்லாம் கொஞ்சம் ஓரமா ஒதுக்குங்க. பெரியவங்க சாமான், பத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலாளி அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியவர்கள் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, சேவையின் சிறப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அண்ணி பூங்கொத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசையில் கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். என் போன் அதிர்ந்தது. ஹாரன்.

"சார், பைபாஸ் ஏறிட்டேன். எங்க இறக்கணும்? அட்ரஸே அனுப்பலையே."

"எந்த லோடு?"

"இப்ப ஏத்துனது சார்."

"எங்க ஏத்துன?"

"என்ன சார் தூக்கமா? நீங்க உக்காந்திருக்கிற கட்டடத்துலதான்."

ஓடிப்போய் அறைகளைப் பார்த்தேன். கட்டில்களும் சுவர்களும் மட்டும் இருந்தன. மெத்தைகூட இல்லை. வராந்தாவில் நின்ற கொழுந்தன் பெருமையாக வியர்வையைத் துடைத்தான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற கூட்டம் அது. கையில் டேப்பையும் கண்ணெதிரே ஒரு அலமாரியையும் கொடுத்துவிட்டு, ஒதுக்கு என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? கட்டினார்கள். கட்டியதை ஏற்றினார்கள். ஏற்றிய லாரியை ஹாரன் ஓட்டினார். அவரவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

பேச்சு முடிந்து பெரியவர்கள் அறைக்குத் திரும்பினார்கள். பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன்! ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களைத் திட்ட வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. பேச்சைக் கேட்கப் பல் எதற்கு என்று கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பல்செட் பைபாஸில் போய்க்கொண்டிருந்தது.

ஜன்னலோரக் கட்டில் அம்மாள் மட்டும் கோபப்படவில்லை. வெறும் கட்டிலில் உட்கார்ந்து விரலால் தலையைக் கோதி முடிந்துகொண்டார். அண்ணியைப் பார்த்துச் சிரித்தார்.

"எம் பையன்தானே ஆள் அனுப்பிச்சான்? நேத்தே சொல்லியிருந்தா நல்ல துணியா உடுத்தியிருப்பேனே. வெளிய நிக்கிறானா?"

நானாக இருந்தால் எதையாவது சொல்லிப் பூசி மெழுகியிருப்பேன். அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா. யாரும் வரல. நாங்கதான் தப்பாக் கட்டிட்டோம்."

அந்த அம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அண்ணிமேல் கோபம் கோபமாக வந்தது.

லாரி திரும்பி வந்தது. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. சாமான்களை இறக்கி வராந்தாவில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று முணுமுணுத்தார். கொழுந்தனும், "நாம பிரிக்கிறதில்லையே அண்ணி" என்றான்.

"கட்டினவங்கதான் பிரிக்கணும். பிரிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகக் கூடாது. நீங்களும்தான் சார்." சொன்னது அண்ணி. முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டார்.

பிரித்த பிறகுதான் பூதம் புறப்பட்டது. எங்கள் ஆட்கள் மொத்த இல்லத்தையும் ஒரே வீடாகப் பாவித்துக் கட்டியிருந்தார்கள். கண்ணாடி எல்லாம் ஒரு பெட்டி. ஊன்றுகோல் எல்லாம் ஒரே கட்டு. படங்கள் ஒரு பெட்டி. பல்செட்டுகள் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, "நொறுங்கும் பொருள்" என்ற ஒட்டுச்சீட்டோடு ஒரு பெட்டி. எது யாருடையது என்று கடவுளுக்கே வெளிச்சம். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்கவேண்டியதாயிற்று. ஹாரன் ஒரு கல்யாணப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "இந்த மாப்பிள்ளை யாரோடது? இந்த மாப்பிள்ளை யாரோடது?" என்று வராந்தா முழுக்கக் கூவிக்கொண்டு போனார். ஒரு பெரியவர், "அது நான்தாம்ப்பா" என்றார். ஹாரன் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முடியெல்லாம் எங்க வச்சீங்க? அத நாங்க கட்டலையே" என்றார். பெரியவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

ஒரு பொருளைக் கொடுத்தால் அதோடு ஒரு கதையும் வந்தது. கதை கேட்காமல் அடுத்த பொருளுக்குப் போக விடமாட்டேன் என்றார்கள். ஹெட்மாஸ்டர் பல் கிடைத்ததும் கொழுந்தனை நிற்க வைத்துத் திட்டினார். திட்டி முடித்துச் சதுரங்கக் காய்களை அடுக்கச் சொன்னார். ஒரு ஆட்டம் ஆடித் தோற்ற பிறகுதான் அவனை விட்டார். பெயின்ட் டப்பாக்களை யாரும் திறக்கவே இல்லை.

ஜன்னலோர அம்மாள் மட்டும் தன் பொருள்களை வெளியே அடுக்க விடாமல், ஒரு பெட்டியில் போட்டு ஒட்ட வைத்துவிட்டார். "அது அப்படியே இருக்கட்டும். அவன் வந்தா மறுபடி கட்டணுமே" என்றார்.

திங்கட்கிழமை முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். "போதும் அண்ணி. நமக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? நம்ம தொழிலப் பாப்போம்."

அண்ணி, "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான். அன்று அவர் ஒரு டம்ளரைச் சுற்றிச் சுற்றி, அது ஒரு பானை அளவுக்கு ஆகும்வரை சுற்றிக்கொண்டே இருந்தார். வீட்டில் அவருடைய கணவர், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியிருக்கிறார். அண்ணிக்குக் கிடைத்த ஒரே பொறுப்பு இரண்டே மாதத்தில் கை நழுவிப் போயிற்று. எனக்கு மனசே ஆறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இல்லத்துக்குப் போனேன். சேவை செய்ய அல்ல. என் குடையை அங்கே விட்டுவிட்டேன். மழைக்காலம் முடிந்திருந்தது, இருந்தாலும் குடை குடைதானே.

உள்ளே போனால் ஹாரன் ஏணிமேல் நின்று சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். "தார்ப்பாய்க் கயிறு ஒண்ணு காணும் சார். தேட வந்தேன்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். சுவரின் உச்சியில் என்ன கயிறு என்று நான் கேட்கவில்லை. கொழுந்தன் ஹெட்மாஸ்டரோடு சதுரங்கத்தில் உட்கார்ந்திருந்தான். டேப் உருளையை விட்டுவிட்டுப் போனானாம். உருளை அவன் மணிக்கட்டில் வளையல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து பேர் அங்கங்கே எதையெதையோ தேடிக்கொண்டு ஜன்னல் துடைத்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்திருந்த அண்ணி ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலிப் பெட்டிகளை எடுத்துப்போக வந்தாராம்.

சற்று நேரத்தில் அசடு வழிய முதலாளி வந்து நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். கண் விரிந்தது.

"அண்ணி, இத்தன பேரும் தானா தொண்டு செய்ய வந்தவங்களா?"

"தொண்டு செய்ய ஒருத்தரும் வரல சார். எல்லாரும் பொருளத் தொலைச்சவங்க."

முதலாளி குனிந்து ஒரு கட்டிலுக்கடியில் பார்த்தார். "நானும் அன்னைக்குப் பேசின பேப்பர இங்கதான் விட்டுட்டேன்னு நெனைக்கிறேன்" என்றார். ஹெட்மாஸ்டர் பதறிப்போய், "அது கிடைக்கவே வேண்டாம், இந்தாங்க" என்று அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. சனிக்கிழமை மாலை கிடங்கைப் பூட்டும்போது, "நாளைக்கு என்னத்தத் தொலைச்சிருக்கே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். திட்டத்தைப் பனியன், பேனரோடு மறுபடி ஆரம்பிக்கலாமா, நீங்களே பொறுப்பு என்று முதலாளி கேட்டார். அண்ணி யோசித்துவிட்டு, "ஆரம்பிச்சீங்கன்னா நின்னுடும் சார். பொறுப்பு எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

ஜன்னலோர அம்மாளின் பெட்டி மட்டும் கட்டிலுக்கடியில் கட்டியபடியே கிடந்தது. அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளே சொன்னார்.

"என் போர்வை அதுக்குள்ளதான் இருக்கு. பிரிச்சிரு பொண்ணே. யாரும் வரப்போறதில்ல."

அண்ணி கத்தரிக்கோலை எடுத்து டேப்பை வெட்டினார். போர்வை, சீப்பு, பையனின் சின்ன வயசுப் படம் என்று ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது என்று கேட்டுக் கேட்டு வைத்தார். காலிப் பெட்டியை மடித்தார். கிளம்பும்போது இடுப்பைத் தடவிப் பார்த்தால் கத்தரிக்கோலைக் காணவில்லை. நானும் கொழுந்தனும் கட்டிலுக்கடியில் புகுந்து தேடினோம்.

"நான் பாக்கலையே. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து நிதானமாத் தேடேன்" என்றார் அந்த அம்மாள். அவருடைய தலையணை ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது.

முதலாளிக்கே அதைத் தராதவர் அண்ணி. தலையணையைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார்.

"சரிம்மா. அடுத்த வாரம் வந்து தேடுறேன்."

அந்த வாரம் முழுக்க அண்ணி டேப்பைப் பல்லால் கடித்துத்தான் கிழித்தார்.