கோவளத்துக்குக் கிழக்கே ஒரு மயில்மீன்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை நான்கரை மணி. படப்பையில் என் வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. நூற்றிருபது மனைகள் போட்ட நகரில் இதுவரை ஒன்பது வீடுகள்தான் எழும்பியிருக்கின்றன. மீதி மனைகளில் எல்லைக்கல்லும் எருமையும். என்னை வழியனுப்ப ஒரு நாய் வந்தது. அதுவும் காருக்காகத்தான்.

கோவளம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். போக, காத்திருக்க, திரும்ப ஆயிரத்தெண்ணூறு ரூபாய். படகுக்குத் தனியாகப் பதினான்காயிரம். அது இருவருக்கான கட்டணம். அந்த இன்னொருவர் வரவில்லை.

அவர் பெயர் மின்சு, கொரியாக்காரர். ஒரகடத்தில் நான் தரப்பரிசோதனை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனுக்கு அவர்தான் தலைவர். லைனில் எல்லோருக்கும் 'மின்சார சார்'. என் மனைவி கோவையில் இருக்கிறாள்; எங்களுக்கு நடுவே ஐந்நூறு கிலோமீட்டரும் ஏழு வருடமும். அவர் மனைவி கொரியாவில், பூசானில். இந்தத் தகுதியில்தான் நண்பர்களானோம். ஞாயிறுதோறும் ஸ்ரீபெரும்புதூரில் அவர் ஃபிளாட்டில் உட்கார்ந்து, ஆழ்கடலில் யார்யாரோ மயில்மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்ப்போம். முதுகில் பாய்மரம்போல நீலத் துடுப்பு, ஈட்டி மூக்கு, ஆளைவிட நீளம். பிடிப்பார்கள், படம் எடுப்பார்கள், கடலிலேயே விட்டுவிடுவார்கள். எங்கள் இருவர் ஆங்கிலத்தையும் கூட்டினால்கூட ஓர் ஆங்கிலம் தேறாது. மீன் இருந்ததால் பேச்சு இருந்தது.

மூன்று வருடத்தில் பதினோரு முறை கடலுக்குப் போய் வெறுங்கையோடு வந்தவர் அவர். பன்னிரண்டாவது முறை இருவருமாகப் போவதென்று படகு பேசியிருந்தோம். பத்து நாள் முன்னால் தலைமையகம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கிளம்பும்போது தன் தூண்டில் கோலை என்னிடம் கொடுத்து, "போட்டோ" என்றார்.

ஆகவே எனக்கு வேண்டியது அந்தப் படம். அது இல்லாவிட்டால் எங்களுக்குள் மிஞ்சப்போவது வருடத்துக்கொரு பொங்கல் வாழ்த்து. பொங்கல் எப்போது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

டிரைவர் ஏழுமலை மணிமங்கலத்துக்காரர். வார நாட்களில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். வண்டலூர் தாண்டியதும் கேட்டார்: "இன்னா சார், மீன் வோணும்னா படப்பை மார்க்கெட்லயே கீதே?"

"சாப்பிட இல்லைங்க. புடிச்சு, போட்டோ எடுத்துட்டு, விட்டுடணும்."

கேளம்பாக்கம் வரை யோசித்தார். "வுடறதுக்கா புடிக்கறீங்கோ? அதுக்கு வூட்லயே தூங்கிகினு இருக்கலாமே சார். மீனுக்கும் ரெஸ்டு, உங்களுக்கும் ரெஸ்டு."

வீட்டில் தூங்கிக் கழித்த ஞாயிறுகள் என்னிடம் நிறைய உண்டு.

5.50. கோவளம் கரை. படகுக்காரர் அந்தோணி என் பின்னால் எட்டிப் பார்த்தார். "இன்னொரு சார் எங்க?"

"ஊருக்குப் போயிட்டார்."

"பாவம் சார் அது. ஒவ்வொரு தபாவும் ஒண்ணும் மாட்டாது. அப்பவும் குனிஞ்சி குனிஞ்சி தேங்க்யூ சொல்லும்."

7.40. கரையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். தண்ணீர் பேனா மைபோல இருந்தது, கைவிட்டால் வெதுவெதுப்பு. தூண்டிலில் இரையாக மாட்டிய பிளாஸ்டிக் கணவாய் ஒன்றைப் பின்னால் இழுத்தபடி படகு மெதுவாகப் போனது. காலையில் தின்ற மூன்று இட்லியையும் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தேன். நாலாபக்கமும் ஒன்றுமில்லை. போனில் சிக்னலும் இல்லை. இருந்தாலும் யார் கூப்பிடப் போகிறார்கள்?

9.10. ரீல் 'கிர்ர்ர்' என்று அலறியது. எண்பதடி தள்ளி நீலத்தில் ஒரு பெரிய விசிறி விரிந்து, வானத்துக்கு எழும்பி, விழுந்தது. மயில்மீன்! வீடியோவில் பார்த்ததுபோல இல்லை. வீடியோவில் எந்த மீனும் என் கையைப் பிடித்து இழுத்ததில்லை.

"வுடு சார், ஓட வுடு! தானா களைச்சிரும்!" அந்தோணி கத்தினார்.

கேட்டது. ஆனால் என் கைக்குக் கேட்கவில்லை. ரீலின் பக்கத்தில் நூலை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு உண்டு. இருபத்திரண்டு வருடமாகத் தளர்வாக எது சுற்றினாலும் இறுக்கிப் பழகிய கை இது. 'தளர்வு என்றால் குறை' என்று லைனுக்கு மேலே மூன்று மொழியில் பலகை மாட்டியவரே மின்சுதான். திருகை ஒரு சுற்று இறுக்கினேன். மனசு நிறைவாக இருந்தது. இன்னொரு சுற்று இறுக்கினேன்.

'டிக்.' எங்கள் லைனில் போல்ட் சரியாக இறுகியதும் ஸ்பேனர் போடும் அதே சத்தம். இங்கே அது நூல் அறுந்த சத்தம்.

அந்தோணி என்னைத் திட்டாமல் புது நூலில் இன்னொரு கணவாயைக் கட்டினார். திட்டியிருக்கலாம். பிறகு மூன்று மணி நேரம் சுற்றியும் கடல் எங்களைக் கண்டுகொள்ளவில்லை.

1.40. கரையில் வேறு படகின் வலையில் சிக்கிய மயில்மீன் ஒன்று மணலில் கிடந்தது. நீலம் போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது.

"அத்த தூக்கிகினு ஒரு போட்டோ எட்த்துக்கோ சார்," என்றார் அந்தோணி. "இங்க வர்ற பாதி பேரு அப்டிதான்."

நான் தயங்குவதைப் பார்த்து, மீன் வாங்க வந்த அம்மா சொன்னார்: "பயப்படாத தூக்கு சார், கடிக்காது. அது செத்து மூணு மணி நேரமாவுது."

ஒரு கீறலுக்காக லாரி லோடையே திருப்பி அனுப்பியவன் நான். செத்த மீனைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். படத்தை அனுப்பினேன்.

கேளம்பாக்கம் சிக்னலில் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். அதன் கீழே ஆங்கிலத்தில், 'வாழ்த்துகள். வேலை முடிந்தது.'

அவர் சொன்னது சரிதான். மூன்று வருட ஞாயிறுகளும் ஒரு கட்டைவிரலில் முடிந்துவிட்டன. அடுத்து எதை எழுதுவது? எத்தனை நிமிடம் போராடினேன் என்று அவர் கேட்டால் எதைச் சொல்வது? ஆனால் அவர் கேட்கவில்லை.

இரண்டு கிலோமீட்டர் போன பிறகு எழுதினேன்: 'அது என் மீன் இல்லை. என் மீன் வந்தது. ஓடியது. நான் திருகை இறுக்கினேன். இரண்டு சுற்று.'

பிறகு அவர் பெயருக்குக் கீழே, டைப் செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி தொடங்கியது. வண்டலூர் மேம்பாலம் ஏறி இறங்கினோம். படப்பை வந்தது. எங்கள் நகரும் வந்தது.

"எறங்கலையா சார்?" என்றார் ஏழுமலை.

"கொஞ்சம் இருங்க," என்றேன். மின்சு இன்னும் டைப் செய்துகொண்டிருந்தார்.