விசில் ஊதாத மதியம்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அவர் செய்த தவற்றையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். அண்ணி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், மீசை முளைக்கும் முன்பே தோல் பதனிடும் ஷாப் வேலைக்குப் போனார். என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். சுண்ணாம்புத் தொட்டி நெடியில் பல வருடம் கிடந்ததில் அவருக்கு வாசனையே தெரியாமல் போயிற்று. கருகிப்போன குழம்பையும் "நல்லா கீது" என்று சாப்பிடுவார். அதை வெகுநாள் அண்ணி பாசம் என்றே நினைத்திருந்தார்.

மூச்சிரைப்பு வந்தபின், டாக்டர் சொல்லி, ஏலகிரி மலைமேல் காட்டை ஒட்டிய கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டச் சேர்ந்தார். கட்டணம் கட்டினால் யாரும் ஆடக்கூடிய பொது மைதானம். கோடையில் அங்கே காட்டுத்தீ பயம் உண்டு. புகை வாசனை வந்ததும் ஊதச் சொல்லி மேனேஜர் அண்ணன் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார். வேலை போய்விடுமோ என்று அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

அது ஒரு கோடை மதியம்; மறுநாள் மைதானத்தில் போட்டி. தொலைந்த பந்துகளைப் பொறுக்க, அங்கேயே கூலி வேலை பார்த்த நாங்கள் நாலைந்து பெண்கள் மரங்களுக்கு நடுவே ஓடைப் பள்ளத்தில் இறங்கியிருந்தோம். கருகல் நெடி வந்தது.

"இன்னாடி மூஞ்சி மாறுது? உங்கண்ணன் விசிலே ஊதல. எவனாவது குப்ப கொளுத்துவான்," என்றார் கூட வேலை செய்யும் கன்னியம்மா அக்கா.

எல்லோரும் அந்த விசிலை நம்பிக் குனிந்தே இருந்தார்கள். சொன்னால் அண்ணன் வேலை போய்விடும்.

"அவருக்கு வாசனயே தெரியாதுக்கா! மேல ஏறுங்க!" என்று கத்திவிட்டேன்.

ஏறி வந்தபோது எங்களுக்கும் மைதானத்துக்கும் நடுவே காய்ந்த புல் பற்றி எரிந்தது. அந்தப் பக்கம் அண்ணன் முதுகைக் காட்டியபடி மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தத்தில் எங்கள் கூச்சல் கேட்கவில்லை. வளைவில் திரும்பியபோதுதான் பார்த்தார். குதித்து ஓடி, தண்ணீர்க் குழாயை இழுத்தார்.

"போட்டிக்கு வெச்சிருக்கிற தண்ணிப்பா அது!" என்று மேனேஜர் ஓடி வந்தார்.

"என் தங்கச்சி உள்ள கீறா சார்!"

அவர் நனைத்துக்கொடுத்த வழியில் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஓடினோம். கன்னியம்மா அக்காவுக்குக் கால் பொசுங்கியது. தண்ணீர்த் தொட்டி காலியாகும்போதுதான் தீ அடங்கியது. அண்ணன் விசிலைக் கழற்றி மேனேஜரிடம் நீட்டினார்.

"வாசன தெரியாதுன்னு மறச்சுட்டேன் சார். இவங்க செத்திருந்தா நான்தான் காரணம்."

மேனேஜர் அதை வாங்கிக்கொண்டார். அக்காதான் வலியோடு சொன்னார்: "மெஷின் ஓட்ட மூக்கு எதுக்கு சார்? விசில எங்கிட்ட குடுங்க."

அண்ணன் வேலை தப்பியது. மனம் ஆறவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில்கூட, "எதுனா கருகுதாமா?" என்று நர்ஸுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸுகளுக்கும், வேலையில் வைத்துக்கொண்ட மேனேஜருக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று பள்ளத்திலிருந்து ஏறி வந்த எல்லோரும் இன்று வந்திருக்கிறோம். எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் மன்னிப்புக் கேட்பார். நாங்கள் நன்றி என்று ஆரம்பித்தாலே குறுக்கே பேசி அடக்கிவிடுவார். இன்று குறுக்கே பேச அவர் இல்லை. நன்றி, அண்ணா.