அவள் துப்பிய இரும்பு

இரும்பு நட்சத்திரத்துக்குள் உண்டானது என்று நான் சொன்னபோது என் தங்கை பல்பம் தின்றுகொண்டிருந்தாள். என் கைப்பையிலிருந்து எடுத்த பல்பம்தான். நான் அப்போது பாகூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பையில் எப்போதும் நாலைந்து பல்பம் கிடக்கும். வளைகாப்பு முடிந்து, முதல் பிரசவத்துக்காக அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் கலகலவென்று ஆட, நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றாள்.

"நட்சத்திரத்துல இரும்பா? இன்னாக்கா, மேல பட்டறை வச்சிக்கினு எவனாச்சும் அடிக்கிறானா?"

"பட்டறை இல்லடி. அடுப்பு மாதிரி."

"யாரு எரிக்கிறது?"

"யாரும் எரிக்க வேணாம். அதுவே எரியும், அதுவே வேவும்."

"நல்லா இருக்கே. அந்த மாதிரி ஒண்ணு நம்ம வூட்டுக்குக் கெடைக்குமா? அம்மா பாவம், கண்ணு எரிய ஊதிக்கினு கெடக்குது."

அவள் எப்போதும் இப்படித்தான். எதைச் சொன்னாலும் சிரிப்பாக்கிவிடுவாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது ஊருக்கே தெரியும். கல்யாணம் வேண்டாம் என்று நான் வேலைக்குப் போனதற்குக்கூட என் வாய்தான் காரணம் என்று அம்மா சொல்வாள். ஆனால் தங்கையிடம் மட்டும் என் கோபம் ஐந்து நிமிடம் தாங்காது.

அன்றைக்கு நான் நட்சத்திரக் கதை சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் மாத்திரை விழுங்க வேண்டும்.

காலையில்தான் நர்சம்மா வந்துவிட்டுப் போனார். வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கிறவர். என் தங்கையின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நகத்தை அழுத்திப் பார்த்தார். படி ஏறினால் மூச்சு வாங்குதா என்று கேட்டார். பல்பம், சாம்பல், மண் எதையாவது தின்னத் தோணுதா என்று கேட்டார். அம்மா பெருமையாக, "பல்பம்னா உசுரு அவளுக்கு. மசக்க இன்னும் வுடல" என்றாள்.

"மசக்க இல்லம்மா அது. ஒடம்புல இரும்பு இல்ல" என்றார் நர்சம்மா. காகிதப் பொட்டலத்தில் மாத்திரை கொடுத்தார். தினமும் ஒன்று. என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், நீங்க படிச்சவங்க, அதான் சொல்றேன். ரத்தமே இல்ல இந்தப் பொண்ணுக்கு. பிரசவத்துல மத்தவங்களுக்குப் போற அளவு போனாலே இவ தாங்க மாட்டா. மாத்திரைய விடாம முழுங்க வைங்க."

நேராக உள்ளே போய் ஒரு மாத்திரையையும் சொம்புத் தண்ணீரையும் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"வேணாங்க்கா. அது தின்னா புள்ள கறுத்துப் பொறக்கும்."

"எவ சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. எங்க தெருவுல ஒருத்தி முழுங்குனா. வெளிக்கிப் போனா கரி மாதிரி போவுதாம். வயித்துக்குள்ள எல்லாம் கறுத்துப் போவும்போது புள்ள மட்டும் செவப்பா வருமா?"

இரும்பில் உடம்பு எடுத்தது போக மீதி கறுப்பாகத்தான் வெளியேறும். குழந்தையின் தோலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொன்னேன். தலையாட்டினாள், வாயைத் திறக்கவில்லை.

அவள் ஏன் பயந்தாள் என்று எனக்குத் தெரியாதா? அவள் கறுப்பு. நல்ல கறுப்பு, அழகான கறுப்பு. நான் அப்பாவைக் கொண்டு மாநிறம். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி தின்றார்கள், கையைக் கழுவினார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். கடைசியில் வில்லியனூர்ப் பக்கம் கரும்பு போடுகிற ஒரு குடும்பம் ஒப்புக்கொண்டது, நிறத்துக்கு ஈடாக நகை கூடப் போட வேண்டும் என்று. மளிகைக் கடை வைத்திருந்த அப்பா போட்டார். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான், வாய் திறக்காத மனிதர். வளைகாப்பு அன்று அவருடைய அம்மா அத்தனை பேர் நடுவில் என் தங்கையின் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்டுல எல்லாம் செவப்பு. புள்ளைக்கு இவ கலரு வந்துடாம பாத்துக்குங்க." எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அந்தச் சந்தனத்தை அப்படியே எடுத்து அந்த அம்மாள் வாயில் அப்பியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. தினம் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குங்குமப்பூ போட்டுப் பால் காய்ச்சிக் கொடுப்பாள். "பொறந்ததும் மொதல்ல காதப் பாக்கணும்டி" என்பாள். "பொறந்த ஒடனே எல்லாப் புள்ளையும் செவப்பாத்தான் இருக்கும். காதுமடலு இன்னா கலரோ அதான் பின்னாடி நிக்கிற கலரு."

அதனால்தான் நட்சத்திரத்தைப் பிடித்தேன். அறிவுரை சொன்னால் கேட்க மாட்டாள், கதை என்றால் கேட்பாள். மார்கழி மாதம். விளக்கு வைத்த நேரம். கொல்லையில் அம்மா நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் உமி எரிந்தது. நாங்கள் இருவரும் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தோம். கிழக்கே திருவாதிரை ஏறியிருந்தது.

டவுனில் கல்லூரியில் படித்தபோது இதைப் பற்றி நூலகத்தில் தேடித் தேடி வாசித்திருந்ததை அவளுக்குச் சொன்னேன். முதன்முதலில் உலகம் முழுக்க ஒரே அனல். அதில் ஹைட்ரஜனும் ஹீலியமும் வெந்தன, ஊறுகாய் அளவுக்கு லித்தியம். அதற்குள் அனல் ஆறிப்போயிற்று. மேற்கொண்டு ஒன்றும் வேகவில்லை. கார்பன் இல்லை, ஆக்சிஜன் இல்லை, மண் இல்லை, தண்ணீர் இல்லை. பிறகு அந்த வாயுவே திரண்டு உருண்டு நட்சத்திரங்கள் ஆயின. அவற்றின் வயிற்றுச் சூட்டில்தான் மற்றதெல்லாம் சமைந்தது. ஹைட்ரஜன் சேர்ந்து ஹீலியம்; ஹீலியம் சேர்ந்து கார்பன்; அப்புறம் ஆக்சிஜன், சிலிக்கன். ஒவ்வொன்று சேரும்போதும் சூடு வரும், அந்தச் சூட்டில்தான் நட்சத்திரம் நிமிர்ந்து நிற்கும். பெரிய நட்சத்திரமாக இருந்தால் கடைசியில் நடுவயிற்றில் இரும்பு சேரும்.

"அப்புறம்?" என்றாள்.

நான் அம்மாவின் அடுப்பைக் காட்டினேன். "உமி எரியுது. சாம்பல் எரியுமா?"

"சாம்பல் எப்படிக்கா எரியும்?"

"இரும்புதான் நட்சத்திரத்தோட சாம்பல். அதுலேந்து சூடு வராது. சூடு நின்னா நட்சத்திரம் தன் பாரத்தத் தாங்காம உள்ளுக்குள்ளயே இடிஞ்சு விழும், அப்புறம் வெடிக்கும். அப்படி வெடிச்சுச் சிதறுனதுதான் நம்ம மண்ணுல இருக்குது, கீரையில இருக்குது, இந்த மாத்திரையில இருக்குது. அதோ செவப்பாத் தெரியுது பாரு, திருவாதிரை. ஒரு நாளைக்கு அதுக்கும் அதே கதிதான்."

நடுவில் சேர்ந்த இரும்பு நொறுங்கிப்போகும், வெடிக்கிற அனலில் புதிதாகச் சமைந்ததுதான் வெளியே வருகிறது என்று பிற்பாடு படித்துத் திருத்திக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் திருவாதிரையைப் பார்த்தாள், வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நல்லா சொன்ன போ. வயித்துல இரும்பு சேந்தா சாவுன்னு சொல்லிக்கினே என்ன முழுங்கச் சொல்ற."

"நீ நட்சத்திரம் இல்ல, மனுஷி. உனக்கு இரும்பு இல்லன்னாதான் சாவு."

அப்படி முகத்துக்கு நேராக யாரும் அவளிடம் சாவு என்று சொன்னதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "வெளக்கு வச்ச நேரத்துல இன்னாடி பேச்சு" என்று கத்தினாள். தங்கை கையை நீட்டினாள். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். குடத்தில் தண்ணீர் மொண்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கையை நீட்டுவாள், நான் கேட்க வேண்டியதே இல்லை. வாயில் போட்டுக்கொள்வாள், தண்ணீர் குடிப்பாள், கிணற்றடிக்குப் போவாள். பொட்டலம் தீர்ந்ததும் நானே நர்சம்மாவிடம் போய் இன்னொன்று வாங்கி வந்தேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிம அட்டவணை நடத்தும்போது இரும்பு வந்தால் ஒரு நிமிடம் நின்று சிரித்துக்கொள்வேன். மனித உடம்பில் இருக்கிற மொத்த இரும்பும் ஒரு ஆணி செய்யத்தான் காணும் என்று சொல்வேன். அந்த ஆணி இல்லாவிட்டால் மூச்சு விட்டும் பயனில்லை என்று சொல்வேன்.

தை பிறந்து ஒரு காலையில் வலி எடுத்தது. சொன்ன நாளுக்கு முந்தியே. அவள் இமையை இழுத்துப் பார்த்த நர்சம்மா என்னைப் பார்த்தார். அது இன்னும் வெள்ளையாகவே இருந்தது. "இங்க வச்சுக்க முடியாது" என்றார். வாடகைக் கார் பிடித்து டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் மடியில் படுத்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் வளையல் சத்தம் போட்டது.

மத்தியானம் குழந்தை பிறந்தது. பெண். கூடவே ரத்தம் போக ஆரம்பித்தது. டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். என் ரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. ஒரு பாட்டில் எடுத்தார்கள். இன்னும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சண்டை போட்டேன். அதற்குமேல் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். தன் ரத்தம் சேராது என்று அவர்கள் சொன்னதும் மாப்பிள்ளை வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வாய் திறக்காத மனிதர் அன்றைக்குத்தான் சத்தமாக அழுதார்.

சாயந்திரம் போல அவளுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். உதடும் தலையணையும் ஒரே நிறமாக இருந்தன. குழந்தையைத் துணியில் சுற்றி நான் கையில் வைத்திருந்தேன்.

"காதப் பாத்தியாக்கா?"

துணியை விலக்கிப் பார்த்தேன். முகம் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. காதுமடல் கறுத்திருந்தது. நல்ல கறுப்பு. அவள் காது மாதிரியே.

"செவப்பா இருக்குடி" என்றேன்.

அவள் முகத்தில் வந்த சிரிப்பை எப்படிச் சொல்வேன். பந்தயத்தில் ஜெயித்தவள் சிரிப்பு. என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டாள். நான் குனிந்தேன்.

"கோவிச்சுக்காதக்கா. ஒரு மாத்திரகூட நான் முழுங்கல. நாக்குக்கு அடியில வச்சிக்கினு போயி வாழமரத்தடியில துப்பிட்டேன். எம் பொண்ண எவனும் பாத்துட்டு எழுந்து போவ மாட்டான், இல்ல?"

"மாட்டான்டி" என்றேன்.

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

அவளைக் கொண்டுபோனபோது பெண்களான எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்ததாக அப்பா சொன்னார். அந்தச் சாம்பலில் ஆணிக்கு ஆகிற இரும்புகூட இருந்திருக்காது. கல்யாணத்துக்குக் கூடுதலாகக் கேட்டு வாங்கிய தங்கம் முழுசாக இருந்தது. காரியம் முடிந்ததும் அம்மா அதைத் துணியில் முடிந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். தங்கமும் ஏதோ நட்சத்திரங்களின் சாவில்தான் உண்டானது. அது யார் உயிரையும் காப்பாற்றாது என்பதை மட்டும் நான் எங்கேயும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

கிணற்றடிக்குப் போய் வாழைமரத்தடியைப் பார்த்தேன். சருகுக்கு அடியில் மண் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. பாதி கரைந்த மாத்திரைகள் அங்கங்கே கிடந்தன. அந்த மண்ணைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பார்த்துவிட்டு எழுந்து போன அத்தனை பேர்மேலும் கோபம் வந்தது. இன்றைக்கும் தணியவில்லை.

குழந்தை எங்களிடமே வளர்ந்தாள். மாதம் ஏற ஏற முகத்திலிருந்த ரோஜா நிறம் போய், காது சொன்னபடியே ஆனாள். அம்மா ஒரு நாள் அவளைக் குளிப்பாட்டும்போது, "அவளே வந்துட்டாடி" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் குங்குமப்பூ வாங்கவில்லை.

அவள் வயதுக்கு வந்த வருஷம் ரொம்பச் சோர்ந்துபோனாள். இமையை இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கே மாத்திரை வாங்கி வந்தேன். சொம்புத் தண்ணீரோடு எதிரே நின்றேன்.

"பெரிம்மா, இது தின்னா கறுத்துடுவாங்கன்னு கிளாஸ்ல சொல்றாங்க."

"நீ ஏற்கெனவே கறுப்புதான்டி. முழுங்கு."

சிரித்துக்கொண்டே வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். அப்படியே எழுந்து கிணற்றடிப் பக்கம் திரும்பினாள். நான் அவள் கையை எட்டிப் பிடித்தேன்.

"வாயத் தொற."

திறந்தாள்.

"நாக்கத் தூக்கு."

என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒன்றும் இல்லை. நான் அவள் கையை விடாமல் இன்னொரு தடவை பார்த்தேன்.