ஒரு வில்லைக்கு இரண்டு ஆள்

கட்சியில் எல்லோரும் அவரைக் கொக்கியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைக்க வந்த நாட்டில் பத்தொன்பது வருஷம் ரயில் யார்டில் சரக்குப் பெட்டிகளைக் கொக்கி மாட்டிக் கோத்தவர். பிறகு சங்கம், மேடை, தேர்தல். வந்தேறிகள் குடியிருப்பிலிருந்து சட்டசபைக்குப் போன முதல் ஆள். முதல் நாள் வாசல் காவலாளி அவரைத் துப்புரவு ஆட்கள் போகும் வழிக்குக் கைகாட்டினான். இவரும் அப்படியே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "இதுதான் குறுக்கு வழி" என்றார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

யார்டில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிகளுக்கு நடுவே இறங்குகிறவன், தன் எண் பொறித்த பித்தளை வில்லையை இன்ஜினில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அவன் வெளியே வந்து அதை எடுத்தால்தான் வண்டி நகரும். ஆனால், காகிதம் இல்லாமல் வந்தவனுக்கு ஏது எண்? எண் உள்ள சொந்தக்காரன் ஓய்வெடுக்கும் நாளில் அவன் எண்ணில் இவன் இறங்குவான். மேஸ்திரிக்குத் தெரியும். அதற்கு மேலே யாருக்கும் தெரியாது, அதாவது எல்லோருக்கும் தெரியும். கொக்கியாரே இரண்டு வருஷம் தாய்மாமன் எண்ணில் வேலை பார்த்தவர்தான். குடியுரிமை மனுவில் மட்டும், அனுமதியில்லாமல் ஒரு நாளும் வேலை செய்ததில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார்.

போன மாதம் ஒருவன் செத்துப்போனான். மனைவியின் அண்ணன் எண்ணில் இறங்கியவன். அன்று சரக்கு அதிகம் என்று ஓய்விலிருந்த அண்ணனையும் மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார்; ஒரே வில்லையில் இரண்டு பேரும் இறங்கினார்கள். அண்ணன் தன் முனையில் வேலையை முடித்தார், பழக்கதோஷத்தில் வில்லையை எடுத்துக்கொண்டு நடந்தார். தங்கை புருஷன் மறுமுனையில் பெட்டிகளுக்கு நடுவே இருந்தான். வண்டி நகர்ந்தது.

அப்படி ஓர் ஊழியரே இல்லை, இரும்பு திருட நுழைந்த ஆள் என்றது நிர்வாகம். விசாரணைக் குழுவில் கொக்கியாரும் ஓர் உறுப்பினர்.

செத்தவனின் மனைவி அவர் அலுவலகத்துக்கு வந்தாள். "எங்கண்ணன் வாயைத் திறக்க மாட்டேங்குதுண்ணே. திறந்தா அதையும் உள்ள தள்ளிடுவாங்க. என் வீட்டுக்காரரு வேலைக்குத்தான் போனாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல திருடன் மகள்னு கூப்பிடுறாங்க."

"பாத்துக்கிறேம்மா" என்றார். ஆயிரம் பேரிடம் சொல்லித் தேய்ந்த வார்த்தை.

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். குடியுரிமை மனு வரைக்கும் தோண்டுவான். இந்த வயசுல மூட்டை கட்டிக்கிட்டு எங்கங்க போறது?" அவர் தட்டைக் காலி செய்தார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

குழுத் தலைவர் நேராகவே கேட்டார். "யார்டு வேலை தெரிஞ்சவர் இங்க நீங்க ஒருத்தர்தான். ஒருத்தர் எண்ல இன்னொருத்தர் வேலை பாக்குற வழக்கம் உண்டா?"

கொக்கியார் தண்ணீர் குடித்தார். "நான் பாத்ததில்லீங்க."

செத்தவன் இரும்பு திருட வந்தவன்தான் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. கொஞ்சம் நடுங்கியிருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது. மேடையில் அழ வேண்டிய இடத்தில் டாண் என்று அழுகிற மனுஷன். காரில் வரும்போது உள்ளே தேடிப் பார்த்தார். வெட்கம்கூட வரவில்லை.

மறுநாள் செத்தவனின் மனைவி மகளோடு வந்து நின்றாள். அவருடைய எழுத்தர் ஆறுதலுக்கு ஏதோ அவிழ்த்துவிட்டிருந்தார் போலிருக்கிறது.

"நீங்க ஒருத்தர்தான் எங்களுக்காகச் சண்டை போட்டீங்களாமே. எழுத்தர் அண்ணன் சொன்னாரு. மத்த நாலு பேரும் கேக்கலையாம். பரவால்லண்ணே. பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன், அப்பா திருடன் இல்லைன்னு பெரியவங்க முன்னாடி எழுந்து சொன்னது இவருதான்னு. உங்களைப் பாத்தே ஆகணும்னு அடம் பிடிச்சா, அதான் கூட்டிட்டு வந்தேன்."

சிறுமி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"உக்காரும்மா" என்றார் கொக்கியார்.