ஆட்டத்தின் நடுவே வெளியே வந்த ஏழு பேர்

அன்று நடந்ததை வரிசையாக எழுதினால் இவ்வளவுதான்.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி வேனில் எங்கள் ஊர் விஸ்வநத்தத்திலிருந்து சாத்தூருக்குக் கபடி ஆடப் போனோம். மாணவிகள் பத்துப் பேர், அம்மாக்கள் ஒன்பது பேர், பி.டி. சார்.
2. முதல் ஆட்டத்தில் வென்றோம். ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டோம்.
3. இறுதி ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது ஒரு புள்ளி முன்னால் இருந்தோம்.
4. எங்கள் கேப்டனின் கால் கோட்டுக்கு வெளியே பட்டுவிட்டதாக நடுவர் விசில் ஊதினார்.
5. பி.டி. சார் களத்துக்குள் போனார். எதிரணிப் பெண் ஒருத்தியின் அப்பாவும் போனார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போனது.
6. என் அம்மா எங்களை வெளியே வரச் சொன்னாள். ஏழு பேரும் வந்தோம்.
7. தோற்றோம்.

ஐந்தாவது வரைக்கும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆறாவது எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். அதை விளக்க வேண்டுமானால் அம்மாவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைக்கிறாள். ஓர் அறைக்கு நான்கு பேர், அதற்கு மேல் கிடையாது. அந்த அறையில் பேசலாம், சிரிக்கலாம், மாமியாரைப் பற்றிப் புறம் பேசலாம். சண்டை மட்டும் போடக்கூடாது. கோபத்தில் இருக்கிற கை எதையும் நங்கென்று வைக்கும், இழுக்கும், தேய்க்கும். மருந்துக்கு இந்த மூன்றும் ஆகாது. அதனால் யாருடைய குரலாவது ஏறினால் மற்றவர்களில் ஒருத்தி மூன்றே வாக்கியம் சொல்வாள். “கீள வையி. எந்திரி. வெளிய வா.” உடனே நான்கு பேரும் கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, ஓடாமல், நடந்து வெளியே போக வேண்டும். வேப்பமரத்தடியில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம். முடிந்ததும் உள்ளே வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம்.

இது கம்பெனி எழுதிப் போட்ட சட்டமா, பெண்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் எல்லா வீடுகளிலும் அது இருந்தது. நானும் தம்பியும் அடித்துக்கொண்டால் அம்மா அடுப்படியிலிருந்தே அந்த மூன்றையும் சொல்வாள். நாங்கள் தெருவுக்கு வந்து சண்டையைத் தொடர்வோம். இதனால் எங்கள் தெருவில் யார் வீட்டுச் சண்டையும் யாருக்கும் தெரியாமல் இருந்ததில்லை. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்கள் முதல் ஆறு மாதம், இந்தத் தெருக்காரர்கள் எந்நேரமும் சண்டை போடுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி பி.டி. சார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்குக் காலுறையும் முட்டிக்கு மாட்டும் பட்டையும் தன் கைக்காசில் வாங்கித் தந்தவர். ஆனால் அவருக்குக் கபடி கற்றுக்கொடுப்பதற்கும் கத்துவதற்கும் வேறுபாடு தெரியாது. பயிற்சி நடக்கும் மாலைகளில் அவர் குரல் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். அதிலும் பெரும்பங்கு கேப்டனுக்குத்தான். எங்களில் நன்றாக ஆடுகிறவள் அவள்தான் என்பதால் அவளைத்தான் அதிகம் திட்ட வேண்டும் என்று அவர் நம்பினார். நாங்களும் அதை நம்பினோம். எங்கள் பள்ளி அதுவரை வட்டத்தைத் தாண்டி மாவட்டப் போட்டிக்குப் போனதில்லை. இந்த இறுதி ஆட்டத்தில் வென்றால் விருதுநகரில் ஆடலாம். மண்ணில் அல்ல, மெத்தை விரித்த களத்தில். நான் அந்த வாரம் முழுவதும் மெத்தைமேல் விழுவதாகவே கனவு கண்டேன்.

ஆட்டத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நன்றாகவே ஆடினோம். எங்கள் அம்மாக்கள் பந்தலுக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்து, புள்ளி எடுத்தால் கைதட்டினார்கள், விட்டாலும் கைதட்டினார்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், எதிரணிப் பெண் ஒருத்தியின் அப்பா, செல்போனில் படம் எடுத்துக்கொண்டே கோட்டோரமாக நடந்தார். “பிடிடி! காலைப் பிடிடி! சோறு திங்கலையா நீ?” என்று தன் மகளைப் பார்த்துக் கத்தினார். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த நேரத்தில் எங்களுக்கு இரண்டு புள்ளி கிடைத்தது.

அப்புறம்தான் கேப்டன் கபடி பாடிப் போய்த் திரும்பும்போது கோட்டோரம் சறுக்கினாள். சுண்ணாம்புக் கோடு காலையிலிருந்து மிதிபட்டுப் பாதி அழிந்திருந்தது. நடுவர் அவுட் என்றார். புள்ளி சமமானது.

பி.டி. சார் உள்ளே பாய்ந்தார்.

“கோடு எங்கனயா இருக்கு? காட்டுங்க பாப்போம்! கோடே இல்லாம எப்படியா அவுட்டு?”

நடுவர் கோட்டைத் தேடினார். உண்மையிலேயே அந்த இடத்தில் கோடு இல்லை. அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் செல்போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இந்தா, வீடியோவுல இருக்கு. பாத்துட்டுப் பேசு வாத்தியாரே. ஒதுங்குய்யா, புள்ளைக ஆடட்டும்.”

“நீ யாருய்யா உள்ள வர்றதுக்கு?”

“நீ மட்டும் எதுக்குய்யா வந்த?”

இரண்டும் நியாயமான கேள்விகள். பி.டி. சார் சட்டென்று கேப்டன் பக்கம் திரும்பினார். “எருமை! கண்ணு பொடதியிலயா இருக்கு? ஒன்னால எல்லாம் போச்சு!” கேப்டன் தலையைக் குனிந்து நின்றாள். பயிற்சியில் எப்படி நிற்பாளோ அப்படியே. வெள்ளைச் சட்டைக்காரர் சாரின் தோளில் கை வைத்தார். சார் அந்தக் கையைத் தட்டிவிட்டார். யாரோ நடுவரின் நாற்காலியைத் தூக்கினார்கள். அது பி.டி. சார்தான் என்று அடுத்த நொடி தெரிந்தது. தலைக்குமேல் தூக்கிவிட்டார். எங்கே போடுவது என்று அவருக்கே தெரியவில்லை. நாங்கள் ஏழு பேரும் அதற்குக் கீழேதான் நின்றோம்.

அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது. அவள் கத்தவே இல்லை. பந்தலிலிருந்து எழுந்து கோட்டுக்கு அருகில் வந்து, வீட்டில் சொல்வதுபோலவே சொன்னாள்.

“கீள வையி. எந்திரி. வெளிய வா.”

கீழே வைக்க எங்கள் கையில் ஒன்றும் இல்லை. கைகோத்து நின்றவர்கள் கையை விட்டார்கள். முதலில் நடந்தது கேப்டன். அவள் பின்னால் மற்றவர்கள், ஓடாமல், வரிசையாக. பந்தலில் இருந்த மற்ற எட்டு அம்மாக்களும் அதே நேரத்தில் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெளிப்பக்கம் இருந்த புளியமரத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவே இல்லை.

நான் மட்டும் நடுக்கோட்டில் நின்றேன். அணி களத்தை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்; என் விதி நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வெளியே வராதீர்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். என் கால்கள் தானாக நடந்தன. அதை நினைத்து நெடுநாள் என் கால்கள்மீதே எனக்குக் கோபம் இருந்தது.

களத்தில் இரண்டு பெரிய மனிதர்களும் ஒரு நாற்காலியும் மிச்சம் இருந்தார்கள். யாருக்காகச் சண்டை போட்டார்களோ அந்தப் பிள்ளைகளைக் காணோம் என்பது அவர்களுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. எதிரணிப் பெண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் பின்னாலேயே வந்து மரத்தடியில் நின்றார்கள். அம்மாக்களில் ஒருத்தி அவர்களுக்கும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வெள்ளைச் சட்டைக்காரரின் மகள் வாங்கி முழுவதையும் குடித்தாள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் வீடு இருக்கும், போக வேண்டியிருக்கும். முதலில் வெளியேறிய அணி தோற்றது என்று சொல்லி விசிலை நீளமாக ஊதினார்.

பி.டி. சார் நாற்காலியோடு எங்களிடம் வந்தார். முதல்முறையாகக் கத்தாமல் கேட்டார்.

“என்ன காரியம்மா பண்ணிட்டீக? கோட்டை விட்டு வெளிய வந்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்மா.”

“அப்படியா சார்?” என்றாள் அம்மா. “சண்டை முடிஞ்சதும் உள்ள அனுப்பலாம்னு பாத்தேன். விட்ட இடத்துல இருந்து ஆட மாட்டாகளா?”

மற்ற அம்மாக்கள் தலையாட்டினார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பி.டி. சார் அந்த ஒன்பது முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு வராத கோபம் எனக்கு வந்தது.

“ஒனக்கு என்ன தெரியும்? மருந்து அள்ளத்தான் தெரியும். ஒன்ன யாரு வரச் சொன்னா?”

எல்லோரும் கேட்டார்கள். கம்பெனியில் அம்மாவோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிற மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். யாராவது என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா முந்தானையால் என் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

“ஆமா தாயி. தெரியாமத்தான் கூப்பிட்டுட்டேன்” என்றாள்.

திரும்பும்போது வேனில் நான் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். திங்கட்கிழமை மைதானத்தில் எங்களுக்கு என்ன காத்திருக்கிறதோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தோற்றுப்போன மறுநாள் மைதானத்தை இருபது சுற்று ஓடவேண்டும், கேப்டனுக்கு அதோடு பிரம்பும் உண்டு. ஆனால் அந்தத் திங்கட்கிழமை சார் வந்தார், எங்களைப் பார்த்தார், “போங்க. ஒங்களச் சொல்லி என்ன செய்ய? பாவம், ஒங்க அம்மாமாரு ஒன்னும் தெரியாத பொம்பளைக” என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார். கேப்டன் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் தோல்விக்கு என் அம்மாவின் அறியாமை காரணம் என்று ஊரே முடிவு செய்துவிட்டது, அதில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான்.

இவ்வளவு வருடம் கழித்து, போன மாதம் சித்தி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாவது படிக்கிறாள், பள்ளிக் கபடி அணியில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்ன வேணா செய்யிங்க. ஆனா டீமோட கோட்டை விட்டு வெளிய வந்துறாதீக. வந்தா ஆட்டம் அம்புட்டுத்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “இப்பவாவது தெரிஞ்சுக்கிட்டியே” என்றேன்.

“எப்பவும் தெரியும்” என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சாத்தூர் போற வளி பூரா ரூலு நோட்ட வாசிச்சுக்கிட்டுத்தான வந்த? நம்பரு போட்டு நம்பரு போட்டு. வேனே கேட்டுச்சே. இது எத்தனாவது நம்பருன்னுதான் மறந்துபோச்சு.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“தெரிஞ்சேவா கூப்பிட்ட?”

“சேரத் தூக்கிட்டான்ல. அது யாரு மண்டையில விளும்னு ஒன் நோட்டுல போட்டிருந்துச்சா?”

சித்தி மகள் சிரித்தாள். அம்மா ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பதிமூன்று வயதில் எனக்கு விதிகள் எல்லாம் மனப்பாடம். எதை இழக்கிறோம் என்று அறிந்தே ஒருத்தி கூப்பிட்டிருக்கலாம் என்பது மட்டும் புரியவில்லை. அன்று அவள் “தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பி.டி. சாருக்குத் திட்ட ஆள் கிடைத்திருக்கும்; அந்தக் கோபம் மறுநாள் கேப்டன் முதுகில்தான் போய் முடிந்திருக்கும். ஒன்றும் தெரியாதவளிடம் யார் என்ன கேட்க முடியும்? அதனால் அவள் ஒன்றும் தெரியாதவள் ஆனாள். அவளோடு இருந்த எட்டுப் பேரும் ஆனார்கள். அவர்களும் அதே வேனில்தான் வந்தார்கள், அவர்களுக்கும் காது இருந்தது. என்னிடமும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று மாலையே பி.டி. சாரிடம் போய் ஒப்பித்திருப்பேன், எண் போட்டு.

இப்போது நிலைமை இது. பி.டி. சார் மாறுதலாகிப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கேப்டனுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். நான் டிப்ளமோ முடித்துவிட்டு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் பராமரிப்பைப் பார்க்கிறேன். அம்மா அதே கம்பெனியில் இருக்கிறாள். புளியமரத்தடியில் நான் சொன்னதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை தொடங்கினேன், இரண்டு முறையும் வேறு ஏதோ பேசிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தி மகளுக்கு முதல் ஆட்டம். அம்மா போகிறாள். நான் லீவு சொல்லியிருக்கிறேன்.