தையல் போடாத அறுவைச் சிகிச்சை

என் இடது சிறுநீரகத்தில் இருந்த கல்லைக் கத்தி வைக்காமலேயே எடுத்தார்கள். சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, லேசரால் பொடித்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கணவரின் குடும்பத்தில் ஆபரேஷன் என்றால் தையல் இருக்க வேண்டும். தையலின் நீளத்தை வைத்தே ஒருத்தி எத்தனை நாள் படுக்கலாம் என்பது முடிவாகும். என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே சாரம் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிய அன்று மாலையே அடுப்படிக்குப் போனேன்.

சிறுநீர் சில நாள் சிவப்பாகப் போகும், நிறம் குறைந்தால் நல்லது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். என் கணவர் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் சரக்கைச் சோதித்துத் தேறியதை மட்டும் அனுப்புவது அவர் வேலை. அதே கவனத்தோடு, நான் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்ததை முகம் சுளிக்காமல் ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தார். அந்த அக்கறையை நான் இன்றும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை இடது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் இறங்கியது. கல் வலி எனக்குப் பழக்கம். அது ஆளை உட்காரவிடாது. இது அசையவிடவில்லை. "இது வேற மாதிரி வலிங்க. ஒருதரம் போய்க் காட்டிடலாம்" என்றேன். அவர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். நர்ஸ் கேட்டது நிறத்தைப் பற்றித்தான்.

"நல்லா தெளிஞ்சிருக்கும்மா, வெறும் தண்ணியாட்டம்," என்றார் என் கணவர், ஏதோ நற்செய்தி சொல்வதுபோல.

"அப்ப ஒண்ணுமில்ல சார். உள்ள டியூப் வச்சிருக்கில்ல, கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். மாத்திரை குடுங்க."

என்னிடம் போனைத் தரவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் மூலக்குளத்திலிருந்து என் நாத்தனார் வாழைத்தண்டுச் சாறோடு வந்தாள். கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னா அண்ணி, கத்தியே வைக்கலியாம், அதுக்கே இப்புடியா? எனக்கு ரெண்டு சிசேரியன். இம்மாம் நீளத்துக்குத் தையலு. நான் படுத்தனா?"

"உங்க அண்ணி புஸ்தகம் படிக்கிறவ. இல்லாத நோவெல்லாம் அதுல இருக்கும்," என்றார் என் கணவர்.

அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். வந்தவளுக்குக் காபி கொடுக்க எழுந்தேன். பால் பொங்குவதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது ஆட்டோவின் கூரை.

ஸ்கேன் எடுத்த மருத்துவர் என் கணவரிடம் பொறுமையாகச் சொன்னார்: "ரத்தம் வெளிய வரல. கிட்னியச் சுத்தி உள்ளயே கசிஞ்சு கட்டிக்கிச்சு. அதனாலதான் யூரின் தெளிவா இருந்துச்சு. கலர மட்டும் பாத்தா தெரியாது. அவங்க வலின்னு ஒண்ணும் சொல்லலியா?"

என் கணவர் தரையைப் பார்த்தார்.

ரத்தம் ஏற்றினார்கள். தொடை வழியாக ஊசிக்குழாய் செலுத்தி, கசிந்த நாளத்தை அடைத்தார்கள். சிறுநீரகம் தப்பியது, அதன் ஒரு பகுதி இனி வேலை செய்யாது என்றார்கள். அப்போதும் தையல் இல்லை. ஆனால் இம்முறை கையில் ஸ்கேன் படம் இருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் என் கணவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "இதோ, இவ்ளோ பெரிய ரத்தக்கட்டி" என்று காட்டினார். எல்லோரும் நம்பினார்கள்.

நாத்தனாரும் வந்தாள். என் காலைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதாள்.

"இம்மாம் வலின்னா கத்தி ஊரக் கூட்டியிருக்கக் கூடாதா அண்ணி? நீங்க பாட்டுக்கு மெதுவா சொன்னா எங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"சொன்னேன்," என்றேன்.

அதையும் மெதுவாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தை இன்னொரு தரம் காட்டச் சொல்லி அண்ணனிடம் கை நீட்டினாள்.