தெளிக்காத பாத்தி

முனைவர் பட்ட ஆய்வுக்காக நொச்சி இலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்கள் தயாரித்தேன். இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் அது தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகும். நெல்லில் இலைக்கருகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை ஆய்வகத் தட்டில் அது வளரவிடவில்லை. வயலில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டியிருந்தது.

திருநள்ளாறு பக்கம் சித்திக்கு நிலம் உண்டு. கேட்டதும் ஒரு மூலையைக் கொடுத்தாள். இரண்டு பாத்தியாகப் பிரித்து ஒன்றில் தெளித்தேன். மற்றதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டேன்.

கார்த்திகை மழைக்குப் பின் நோய் வந்தது. தெளிக்காத பாத்தியில் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி வைக்கோலாய்க் காய்ந்தன. தெளித்த பாத்தி பெரும்பாலும் பச்சையாக நின்றது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இதுக்கும் அடிச்சிடேன். பாக்கவே சங்கடமா இருக்கு" என்றாள் சித்தி.

"இன்னும் பத்து நாளு சித்தி. அளவெடுத்து முடிக்கணும்."

"இந்தத் தண்ணிதானே கீழ வயலுக்குப் போவுது?"

"ஒண்ணும் ஆவாது."

இந்த நோய் தண்ணீரில் பரவும் என்று ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். மடையை அடைத்தால் பாத்தியில் மழைநீர் தேங்கி என் கணக்கெல்லாம் கெட்டுவிடும். அதனால் அடைக்கவில்லை.

பத்தாம் நாள் படம் எடுக்கப் போனபோது கீழ் வயலும் மஞ்சளடித்திருந்தது. மின்துறையில் வேலை பார்த்துக்கொண்டே விவசாயமும் செய்பவர் அந்த வயல்காரர். வரப்பில் நின்றிருந்தார்.

"படிச்சவங்க நீங்க சொல்லுங்க. இது எதனால வருது?"

"மழையும் காத்துந்தாங்க."

அது பொய்யில்லை. மழையிலும் காற்றிலும்கூடப் பரவும்தான்.

வாய்மொழித் தேர்வில் இரண்டு பாத்திகளும் அருகருகே தெரியும் படத்தை எல்லோரும் பாராட்டினார்கள். எடுத்தபோது அதன் ஓரத்தில் கீழ் வயலும் விழுந்திருந்தது. அந்தப் பகுதியை நான் வெட்டிவிட்டிருந்தேன்.

பட்டம் உறுதியான மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் போகத்தில் அவருக்குப் பாதிக்குமேல் பதர். வேலைக்குக் கிளம்பி வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க வயலுக்கு நோய் எங்க பாத்தியிலேருந்துதான் வந்திருக்கணுங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல."

திருகப்போன சாவியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லியிருந்தா நானே மடைய அடைச்சிருப்பேனேம்மா."

திட்டவில்லை. வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

நடந்ததை அன்று மாலை சித்தியிடம் சொன்னேன். அடுத்த சம்பாவில் எனக்குக் கொடுத்திருந்த மூலையையும் சேர்த்து அவளே நட்டுவிட்டாள். அதை நான் மறுபடி கேட்கவும் இல்லை.